புதுப்பிப்பு: மெக்கானிக்ஸ் பிஎச்டி, எந்தப் பக்கம் போனேன்?

இன்ஜினியரிங் மெக்கானிக்ஸில் பிஎச்டி செய்ய ஆய்வகச் சோதனையா, கணினி மாதிரியா என்று முன்பு கேட்டிருந்தேன். விரிசல் பரவுவதைக் கணினியில் கணிக்கும் பக்கம் சேர்ந்துவிட்டேன்.

பொறியாளர் கிரிஃபித் 1921-இல் சொன்னதுதான் இன்றும் அடித்தளம்: விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றல், புதுப் பரப்பு உருவாகத் தேவையான ஆற்றலை ஈடுகட்ட வேண்டும். கேட்க எளிது. ஆனால் நேரியல் மீள்மைக் கோட்பாட்டில் (பொருள் விசைக்கு நேர்விகிதத்தில் நீண்டு, விட்டதும் பழையபடி திரும்பும் என்று கொள்வது) விரிசல் முனையில் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை, முடிவிலி. கணினியில் பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை நுணுக்க நுணுக்க அந்தத் தகைவு எண் ஏறிக்கொண்டேதான் போகும், நிலைக்காது. 1968-இல் ஆய்வாளர் ரைஸ் தந்த ஜே-தொகையீடு (விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றலை அளக்கும் கணக்கு) இங்கேதான் கைகொடுக்கிறது: முனையைச் சுற்றி எந்தப் பாதையில் எடுத்தாலும் ஒரே விடை.

அப்புறம், முதலில் டென்சர் (தகைவு போன்ற, திசைகளைப் பொறுத்த அளவுகளைக் கையாளும் கணிதம்) படிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி. இந்தப் பருவமே அதில்தான் ஓடுகிறது! மாதிரியைச் சரிபார்க்கும் இழுவைச் சோதனைகளை நானே செய்ய வழிகாட்டி ஒப்புக்கொண்டிருக்கிறார்.