ரீடிப்ளாய்மென்ட்னா மறுபடி அனுப்பறது இல்லீங்க, வீட்டுக்கு வர்றது

என் வீட்டுக்காரரும் அமெரிக்க ராணுவத்துலதான். லீவுக்குப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில மாமனார் வீட்டுக்கு வந்திருக்கேன். நேத்து சாயங்காலம் வேலந்தாவளம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா வீட்டுக்கு வந்தாங்க. மகன் அமெரிக்க ராணுவத்துல. மருமக டெக்சாஸ் போய் நாலு மாசம்தான் ஆகுது. போனை நீட்டினாங்க. மருமக அனுப்பின மெசேஜ்: "இந்த மாசம் ரீடிப்ளாய்மென்ட்டுன்னு சொல்றாங்க அத்தை." கூடவே அழுகிற பொம்மை ரெண்டு. எந்த மாசம்னும் அதுல இருந்துச்சு, அதை நான் இங்க எழுதலை, காரணம் கடைசியில சொல்றேன். அந்தம்மா காலையில இருந்து பச்சைத்தண்ணி தொடலை. எங்க மாமனார் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். அவரே கண்ணாடியைப் போட்டுப் படிச்சுட்டு, "மறுபடியும் அனுப்பறான் போல இருக்குது அம்மிணி"ன்னுட்டார்.

நான் சொன்னேன்: இல்லீங்க அக்கா, உங்க பையன் திரும்பி வர்றான். அமெரிக்க ராணுவத்துல டிப்ளாய்மென்ட்னா கிளம்பிப் போறது. ரீடிப்ளாய்மென்ட்னா அங்க வேலை முடிஞ்சு சொந்த முகாமுக்கு வந்து சேர்றது. அந்தம்மா ரெண்டு தடவை கேட்டுட்டு அப்படியே திண்ணையில உட்கார்ந்துட்டாங்க. எங்க அத்தை கொண்டுவந்த காப்பியைக் குடிச்சப்புறம்தான் வாய் திறந்து பேசினாங்க.

ஒரு சொல் புரியாம ரெண்டு நாட்டுல ரெண்டு பொம்பளைங்க ஒரு நாள் முழுக்க அழுதிருக்காங்க. அதனாலதான் இதை எழுதறேன். அமெரிக்க ராணுவத்துக்காரரைக் கட்டிக்கிட்டு அங்க புதுசா போயிருக்கிற தங்கச்சிகளே, இந்தச் சொற்களை நீங்க கத்துக்கிட்டு, தமிழ்ல ஒரு தாள்ல எழுதி ஊருக்கும் அனுப்பிடுங்க.

முதல்ல ஆர்டர். வீட்டுக்காரர் "ஆர்டர் வந்துருச்சு"ன்னு சொன்னா, எந்த ஆர்டர்னு கேளுங்க. பி.சி.எஸ்.னா நிரந்தர இடமாற்றம். பெரும்பாலும் நீங்களும் கூடப் போவீங்க, சாமான் ஏத்தற செலவு அவங்களோடது. டி.டி.ஒய்.னா தற்காலிக வேலை: ஒரு கோர்ஸ், ஒரு மீட்டிங், முடிஞ்சா வந்துருவாரு. ரொட்டேஷன்ங்கிற சொல்லுதான் குழப்பும். கலிபோர்னியா ஃபோர்ட் இர்வின் ரொட்டேஷன்னா பாலைவனத்துல ஏறக்குறைய ஒரு மாசப் பயிற்சி. கொரியா, ஐரோப்பா ரொட்டேஷன்னா அவரோட யூனிட் மொத்தமும் போகும், வழக்கமா 9 மாசம், குடும்பத்துக்கு இடமில்லை. அன்அகம்பனீட் டூர்னாலும் குடும்பம் கூடப் போக முடியாது, ஆனா அதுல அவர் மட்டும் தனியா மாத்தலாகிப் போவார். குடும்பம் கூடப் போகலாமா கூடாதாங்கிறதை, நம்ம ஊர் ராணுவத்துல இருந்த பெரியவங்களுக்கு 'பீஸ் போஸ்டிங், ஃபீல்டு போஸ்டிங்'னு சொன்னா டக்குனு புரியும். ஏ.பி.ஓ.ங்கிற ராணுவத் தபால் முகவரியை எங்க மாமனாருக்கு விளக்கவே வேண்டியதில்லை, அவர் நம்ம ராணுவத்தோட 56 ஏ.பி.ஓ. முகவரியில லெட்டர் வாங்கி வாழ்ந்தவர்.

ட்வெல்ங்கிறது ரெண்டு டிப்ளாய்மென்ட்டுக்கு நடுவுல வீட்டோட இருக்கிற காலம். ரியர் டிடாச்மென்ட்னா படை போனபின்னாடி முகாம்லயே நிக்கிற சின்னக் குழு. அவர் போனதுக்கப்புறம் உங்களுக்கு எந்தப் பிரச்சனைன்னாலும் முதல் வாசல் அதுதான், அதனால அந்த நம்பர் கைக்கு வராம அவரை பஸ் ஏத்தி விட்டுறாதீங்க. எஸ்.எஃப்.ஆர்.ஜி.ங்கிறது (முன்னாடி எஃப்.ஆர்.ஜி.ன்னு பேரு) படைக் குடும்பங்களோட குழு. இங்கிலீஷ் தடுமாறுதுன்னு நான் முதல் ரெண்டு மாசம் போகாம இருந்தேன். அது தப்பு. போங்க.

இப்போ பேப்பர். இதுல நான் பட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் டிப்ளாய்மென்ட் போய் மூணாவது மாசம் என் ராணுவக் குடும்ப ஐ.டி. கார்டு காலாவதி ஆச்சு. புதுப்பிக்க அவர் கையெழுத்து வேணும், நாங்க எதுவும் எழுதி வைக்கலை. பிள்ளைக்குக் காய்ச்சல், கார்டு இல்லாம முகாம் கேட்ல நின்ன அந்த அரை மணி நேரம் இன்னும் மறக்கலை. டீர்ஸ்ங்கிற ராணுவக் குடும்பப் பதிவுல உங்க பேரு ஏறினாத்தான் ட்ரைகேர்ங்கிற ராணுவ மருத்துவக் காப்பீடெல்லாம். அதுக்கான 1172-2 படிவத்துல அவர்கிட்ட முன்கூட்டியே கையெழுத்து வாங்கி நோட்டரி பண்ணி வெச்சுக்குங்க, இல்லைன்னா பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிக்குங்க. முகாம் சட்ட உதவி ஆபீஸ்ல இலவசமா எழுதித் தருவாங்க. பொதுப் பவரைப் பல பேங்க்ல ஏத்துக்க மாட்டாங்க, எந்த வேலைக்குன்னு பேர் சொல்லித் தனிப் பவரா வாங்குங்க.

அந்தப் பவரை வெச்சு ஊர் நிலத்துல எதுவும் பண்ண முடியாது. கேரளா-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப்பக்கம் ரெண்டு ஏக்கர், அந்தப்பக்கம் பொள்ளாச்சி வழியில ஒரு ஏக்கர்னு இருக்கிற குடும்பம் நம்மள்ல நிறைய. இந்தியாவுக்குன்னு தனியா பவர் எழுதி, இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கி அனுப்பணும். டெக்சாஸ்னா ஹூஸ்டன். ஊருக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டிடணும். இதெல்லாம் அவர் கிளம்பறதுக்கு முன்னாடி.

டி.டி. 93ன்னு ஒரு படிவம், ஏதாவது ஆனா யாருக்குச் சொல்லணும்னு. அதுல அப்பா அம்மா முகவரியைப் பின்கோடு வரைக்கும் சரியா எழுதச் சொல்லுங்க. உடம்பு முடியாதவங்களுக்கு நேரடியாச் சொல்ல வேண்டாம்னு குறிக்கவும் அதுல இடம் இருக்குது. இதய நோயாளி அம்மா இருக்கிற வீட்டுல அது முக்கியம்.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு ரொம்ப அவசியமானது ரெட் கிராஸ் மெசேஜ். அப்பாவை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குன்னா, மகனுக்கு வாட்ஸப் பண்ணினா மட்டும் லீவு கிடைக்காது. அமெரிக்க ரெட் கிராஸுக்குச் சொல்லணும், 877-272-7337. குடும்பத்துல யாரு வேணும்னாலும் கூப்பிடலாம். அவங்க ஆஸ்பத்திரியில விசாரிச்சு உறுதி பண்ணி, அவரோட அதிகாரிக்கு அனுப்புவாங்க. லீவு கொடுக்கிறது அதிகாரிதான், ரெட் கிராஸ் இல்லை. அதனால அவர் முழுப்பேரு, பிறந்த தேதி, ரேங்க், யூனிட் எல்லாம் ஒரு சீட்டுல இருக்கட்டும். டாக்டர் பேரும் இங்கிலீஷ்ல பதில் சொல்லக்கூடிய ஆஸ்பத்திரி நம்பரும் கையில வேணும். இன்னொண்ணு, தாத்தா பாட்டிக்கு இந்த லீவு சும்மா வந்துறாது. அம்மாயிதான் அவரை வளர்த்தாங்கன்னா, பெத்தவங்க ஸ்தானத்துல இருந்து வளர்த்தாங்கன்னு அவர் யூனிட்ல முன்னாடியே சொல்லி வைக்கணும்.

அப்புறம், திடீர்னு போன் வராம நின்னா. பிளாக்அவுட்னு சொல்வாங்க. அங்க யாருக்காவது பெருசா அடிபட்டாலோ உயிர் போனாலோ, அந்தக் குடும்பத்துக்கு முறையாத் தகவல் போய்ச் சேர்ற வரைக்கும் எல்லாருக்கும் நெட்டை நிறுத்திடுவாங்க. நம்ம ஆளு நல்லா இருந்தாலும் பேச முடியாது. உயிர்ச்சேதம்னா மனைவிக்குப் போன்ல சொல்ல மாட்டாங்க, சீருடையில நேர்ல வருவாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்ட பின்னாடிதான் எனக்குத் தெரியாத நம்பர்ல போன் வந்தா எடுக்கிற தைரியம் வந்துச்சு.

கடைசியா ஆப்செக், அதாவது படையோட போக்குவரத்து விவரம் வெளிய போகாமப் பாத்துக்கிறது. போற தேதி, வர்ற தேதி, இடம், கப்பல் பேரு, விமான நேரம் எதுவும் வாட்ஸப்ல, ஃபேஸ்புக்ல வரக்கூடாது. குடும்பக் குரூப்புலயும் வேண்டாம், அதுல சித்தப்பா மகனோட ஃபிரண்டு வரைக்கும் இருக்கான். வர்ற தேதி எப்படியும் ரெண்டு மூணு தடவை மாறும், ஊரெல்லாம் சொல்லிட்டு ஒவ்வொருத்தருக்கா விளக்கிட்டு நிக்கணும். அந்தம்மா போனை வாங்கி மெசேஜை நானே அழிச்சேன். மருமகளுக்கும் உடனே போன் போட்டுப் பேசினோம். சந்தோஷத்துல அதுவும் ஒரு பாட்டம் அழுதுச்சு. உங்க அத்தையைக் கோயில்ல கூட தேதி சொல்லாம வேண்டிக்கச் சொல்லுங்கன்னு மருமககிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். "சாமிக்கு மாசம் தெரியும் கண்ணு"ன்னு சொல்லிட்டு அந்தம்மா கிளம்பினாங்க.

டீர்ஸ் பேப்பர்ல சந்தேகம் இருக்கிறவங்க கீழ கேளுங்க. கல்யாண சர்டிபிகேட் கேரளா பஞ்சாயத்துல வாங்கினதா, தமிழ்நாட்டுல வாங்கினதான்னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க. அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டுல செல்லுபடியாகறதுக்கான அரசு முத்திரை, வாங்கற வழி ரெண்டுக்கும் வேற வேற.