புதுப்பிப்பு: அம்மாவை இல்லத்தில் சேர்த்த பிறகு

மறதிநோய் முற்றிய அம்மாவைக் கோவைப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்த்தோம். போன மாதம் அங்கேயே அம்மா தவறிவிட்டார்.

மறதிநோய் உள்ள பலருக்குச் சாயங்காலமானால் பதற்றம் கூடும். அம்மா வாசலுக்கே வந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், விடுங்க" என்பார். மாடெல்லாம் விற்றுப் பல வருஷமாச்சு. அங்கே வேலை பார்த்த பெண் அதைச் சொல்லவே மாட்டார். "நான் காட்டிட்டேனுங்கம்மா, நீங்க இந்தக் கீரையை ஆஞ்சு குடுங்க" என்று முறத்தை மடியில் வைத்துவிடுவார். முருங்கைக்கீரை என்றால் அம்மாவின் கை தானாக ஓடும். அப்புறம் மாட்டுப் பேச்சே வராது.

கடைசியில் விழுங்கவும் சிரமம். நிமிர்ந்து உட்காரவைத்து, குழைந்த ரசம் சாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார்கள். ராத்திரியிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தார்கள். உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை.

காரியத்துக்கு இல்லத்தில் வேலை பார்த்தவர்கள் ஷிப்ட் முடித்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. புடவை என்றதும் மறுக்கவில்லை.

இடம் தேடுகிறவர்கள் கட்டடத்தை அப்புறம் பாருங்கள். ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள்.