ஒட்டாகோ பழைய ரயில் தடம்: வயதானவர்கள் மிதிவண்டியில் கடக்க இயலுமா?

கேள்வி:
நியூசிலாந்தின் தெற்குத் தீவில், 1990இல் மூடப்பட்ட ரயில் தடத்தின் மீது கிளைடு முதல் மிடில்மார்ச் வரை அமைந்துள்ள 152 கி.மீ. பாதையை, அறுபதைத் தாண்டிய என் பெற்றோருடன் பிப்ரவரியில் மிதிவண்டியில் கடக்க எண்ணுகிறேன். மேடுகள் அவர்களைக் களைப்படையச் செய்யுமா?

மறுமொழி 1:
மேடுகளைப் பற்றி அஞ்ச வேண்டாம். நீராவி எஞ்சின்கள் பாரத்தோடு ஏறுவதற்காக அமைக்கப்பட்ட தடம் என்பதால், உச்சப் பகுதி சுமார் 618 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ஏற்றம் பல கிலோமீட்டருக்குப் பரவி, ஏறுகிறோம் என்பதே தெரியாதபடி மெதுவாக உயர்கிறது. தண்டவாளங்களை அகற்றிவிட்டுச் சரளை பரப்பியிருப்பதால், மெல்லிய சக்கரங்கள் கொண்ட வண்டி மட்டும் ஏற்றதன்று.

மறுமொழி 2:
என் அனுபவத்தில் ஏற்றத்தைவிட எதிர்க்காற்றே அதிகம் சோதித்தது, மரநிழலும் அரிது. ஆகவே ஒரே நாளில் நெடுந்தொலைவு செல்லாமல், பயணத்தை நான்கைந்து நாள்களாகப் பிரித்து, ரான்ஃபர்லி போன்ற சிற்றூர்களில் தங்குவது நல்லது. பூல்பர்ன் பள்ளத்தாக்கின் இரண்டு சுரங்கங்களிலும் நடுப்பகுதி இருட்டாக இருக்கும் என்பதால் கைவிளக்கு அவசியம்; நான் வண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டுதான் சென்றேன். அவற்றை அடுத்து வரும் உயரமான பாலத்தில் சற்று நேரம் நிற்காமல் கடந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அகலமான சக்கரமுள்ள வண்டிகளையே வாடகைக்கு எடுக்கிறேன்.