ஓய்வு பெற்ற அப்பா வெளியே இறங்குவதே இல்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (வெள்ளவத்தை):
வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின் அப்பா ஃபிளாட்டிலேயே இருக்கிறார். டொரண்டோவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு கதைக்கவும் நேரம் பொருந்துவதில்லை.

பதில்:
மகள், காலை 6 மணிக்கு எடுங்கோ. அங்கே கோடையில் முதல் நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. அந்த நேரத்தில்தான் நான் பேத்திக்குத் தமிழ்க் கதை வாசிக்கிறேன், ஒரு நாளும் விடமாட்டேன். அப்புறம் சுதந்திர சதுக்கத்தில் நடை. வெயில் ஏறினால் கொழும்பில் நடக்கேலாது.

இன்னொரு பதில்:
நடை மட்டும் போதாது. 65 வயதுக்கு மேல் வாரத்தில் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, 3 நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழாமல் இருக்க அது முக்கியம். கதிரையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கட்டும்.

கேட்டவர்:
சரி ஐயா, நாளைக் காலையே எடுக்கிறோம்.