பழைய காருக்கு வீட்டிலேயே பிரேக் ஆயில் மாற்றிய அனுபவம்

திருப்பூர்க்காரன்:
மலை இறங்கும்போது பிரேக் மிதி மெத்தென்று உள்ளே போய், அடிவாரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததும் பழையபடி கெட்டியாகிறதா? முதலில் பிரேக் ஆயிலைச் சந்தேகப்படுங்கள். எங்கள் பழைய மாருதி 800 திம்பம் மலைப்பாதையில் இதைத்தான் செய்தது. 27 கொண்டை ஊசி வளைவு, முன்னால் கரும்பு லாரி, மிதித்துக்கொண்டேதான் இறங்கியாக வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் "பிரேக் நல்லாத்தானுங்க இருக்குது" என்றார்கள். ஆறிய வண்டியில் எப்படித் தெரியும்?

இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் நம்பரால் சொல்வார்கள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, 155. ஆயில் கொதித்து ஆவியானால் ஆவி அமுங்கும், மிதியும் கூடவே போகும். எங்கள் வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் கிடந்தது டிக்காஷன் நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றியது என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

அரை லிட்டர் டாட் 4 வாங்கினேன். டப்பாவில் இருந்த பழசை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றினேன். அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்கு (மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் உருளை) தூரமான பின்சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பழசை வடித்தேன். மாமனார் சீட்டில், நான் தரையில்.

"மிதிங்க மாமா."

"மிதிச்சாச்சுங் மாப்ள."

சக்கரத்தில் ஆயிலை வடிக்கும் திருகான நிப்பிளைத் திறப்பேன், அதில் மாட்டிய டியூபில் கறுப்பாக வரும், மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று உள்ளே ஏறிவிடும். நடுவில் அவருக்கு போன் வந்தது. காலை எடுக்காமலேயே பருத்தி விலை பேசி முடித்தார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மிதியைத் தரை வரை அழுத்த விடக் கூடாது. தினமும் ஓட்டும்போது மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் கொஞ்ச தூரம்தான் போய்வரும். அதைத் தாண்டிய இடத்தில் பல வருஷத் துருவும் அழுக்கும் இருக்கும். ரப்பர் சீல் அங்கே போய் உரசினால் கிழியும். நேற்று வரை ஓடிய சிலிண்டர், ஆயில் மாற்றிய மறுநாளே போச்சு என்று பலர் புலம்புவது இதனால்தான். மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டேன். டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்கணும், அதுவும் முக்கியம்.

நாமக்கல்:
கட்டை யோசனை அருமைங்க. பின்சக்கர நிப்பிள் பற்றியும் சொல்லுங்க. எனக்கு ஒன்று துருப்பிடித்து முறிந்து, வீல் சிலிண்டரையே மாற்ற வேண்டியதாயிற்று.

திருப்பூர்க்காரன்:
முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டேனுங்க. ரிங் ஸ்பேனர்தான் போட்டேன். வாய் திறந்த ஸ்பேனர் முனையை உருட்டிவிடும்.

பொள்ளாச்சி:
வால்பாறை போய்வர டாட் 4 தாராளமாகப் போதும். நம்பர் பெரிசு என்று கடையில் டாட் 5 எடுத்துக் கொடுத்தால் வாங்காதீங்க. அது சிலிக்கான், இதோடு கலக்கக் கூடாது. 5.1 வேறே, அது கலக்கும். பெயிண்ட் மேல் சொட்டினால் துடைத்துவிட்டு நிற்காதீங்க, உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவணும். வடித்த பழசைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க.