மறுமொழி: 'ஃபியூம் ஈவென்ட்' – புகையா, நெடியா?

குழுவினருக்கு வணக்கம்.

விமானத்துக்குள் வரும் காற்றில் எண்ணெய் ஆவி போன்ற ஒன்று கலந்து மணப்பதை ஆங்கிலத்தில் 'ஃபியூம் ஈவென்ட்' என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குச் சென்னை ஐயா தந்த 'நச்சுப்புகை நிகழ்வு' என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்று இடத்திலும் இடறுகிறது.

எங்கள் திருகோணமலையில் நிகழ்வு என்றால் மங்கள விளக்கேற்றி, பிரதம விருந்தினர் பேசுவது. சரி, அது சின்ன விஷயம். 'நச்சு' என்பது தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவிடுகிறது. மணம் வந்த நிமிடத்தில் அது நஞ்சா என்று விமானத்தில் இருப்பவர் யாருக்கும் தெரியாது.

பெரிய சிக்கல் 'புகை'தான். பெரும்பாலான ஜெட் விமானங்களில் பயணிகள் சுவாசிக்கும் காற்று, எரிபொருள் கலப்பதற்கு முன்பே எஞ்சினில் காற்றை அழுத்தும் பகுதியான அமுக்கியிலிருந்து (கம்ப்ரசர்) பிரித்து எடுக்கப்படுகிறது. போயிங் 787 இதற்கு விலக்கு. மின்சாரத்தில் ஓடும் அமுக்கிகளால் வெளிக்காற்றை நேரே எடுக்கும். எஞ்சினில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் அடைப்பு (சீல்) தேய்ந்தால், சூடேறிய எண்ணெயின் ஆவி அந்தக் காற்றோடு உள்ளே வரும். கழற்றிப் போட்ட மேசு (காலுறை), மழையில் நனைந்த நாய் என்றெல்லாம் விமானப் பணியாளர்கள் அதை வர்ணிப்பார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். சொல்லில் புகை இருந்தால், பயிற்சி பெறும் பணியாளர் புகையைத் தேடுவார்.

தேடக்கூடாது என்பதுதான் பாடம். 1998 செப்டம்பர் 2 அன்று நியூயோர்க்கிலிருந்து ஜெனீவா புறப்பட்ட சுவிஸ்ஏர் 111இல் விமானிகள் முதலில் உணர்ந்தது ஒரு வித்தியாசமான மணத்தை. குளிரூட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். தீயோ கண்ணுக்குத் தெரியாமல் கூரைத் தகட்டுக்கு மேலே இருந்தது. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். காரணம் தேடுவதற்கு முன்பே விமானிகள் ஒட்சிசன் முகமூடியை மாட்டி, நூறு வீத ஒட்சிசனுக்குத் திருப்ப வேண்டும் என்று நடைமுறை சொல்வது இதனால்தான். அப்புறம்தான் சரிபார்ப்புப் பட்டியல், இறங்குவதற்கு அருகிலுள்ள விமான நிலையம்.

அப்படியானால் எந்தச் சொல்? 'மணம்' இங்கே பொதுச் சொல்; "என்ன மணக்குது?" என்றால் மல்லிகையாகவும் இருக்கலாம், வாய்க்காலாகவும் இருக்கலாம். தமிழகத்தில் அது நறுமணமாகிவிடும். 'நாற்றம்' பழைய தமிழில் பூவுக்கும் உரியது, இன்று அப்படிச் சொன்னால் அடிக்க வருவார்கள். 'வீச்சம்' கருவாட்டுக்குப் போய்விட்டது. மிஞ்சுவது 'நெடி'. மிளகாய் வறுத்தாலும் மண்ணெண்ணெய் கொட்டினாலும் நெடிதான் மூக்கில் ஏறும். ஆகவே 'நெடியேற்றம்' என்கிறேன்.

இதில் இன்னொரு வசதி. கேபின் பணியாளர் விமானிக்குச் சொல்ல வேண்டியது எங்கே, எப்படிப்பட்ட மணம், எவ்வளவு கடுமை என்பதை. எண்ணெய் நெடி, மின்கருகல் நெடி, அடுப்பு நெடி என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம்.

மட்டக்களப்பு அக்கா 'நெடிக்கசிவு' என்று தனிமடலில் கேட்டிருந்தார். அழகான சொல்தான் அக்கா, ஆனால் கசிவு என்பது தரையிறங்கிய பின் பொறியியலாளர் கண்டுபிடிக்கும் பழுது. மேலே இருப்பவரிடம் மூக்கு மட்டும்தான் இருக்கிறது. கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும்போது 'புகை'யைத் தனிப் பதிவாகவே வையுங்கள்.