தலையில அடிபட்ட பொண்ணு ஞாயித்துக்கிழமை கபடி ஆடலாமா?

பாலக்கோடு லோடு வண்டி:

வணக்கம்ங்க. நான் தக்காளி லோடு ஓட்டுறவன், மருத்துவம் தெரியாது. எம் பொண்ணு பதினொண்ணாவது படிக்குது. ஸ்கூல் கபடி டீம்ல மெயின் ரெய்டர். போன வாரம் திங்கக்கிழமை பிராக்டிஸ்ல பாடிப் போனப்ப கார்னர் பொண்ணு காலைப் புடிச்சுது, கவர்ல நின்ன பொண்ணோட முட்டி காதுக்கு மேல இடிச்சிருச்சு. மயக்கம் போடல. ஆனா எழுந்து எதிர் டீம் பக்கம் போய் நின்னுச்சாம், எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறமும் ரெண்டு ரெய்டு போயிருக்கு. ராத்திரி ஒரு தடவ வாந்தி. மறுநாள் தருமபுரி கூட்டிட்டுப் போய் ஸ்கேன் எடுத்தோம், நார்மல்.

இன்னியோட ஒன்பது நாள். "எனக்கு ஒண்ணுமில்லப்பா"ங்குது. ஆனா செல்போன் வெளிச்சத்தைக் குறைச்சுத்தான் பாக்குதாம், கெமிஸ்ட்ரி புக்ல ஒரே பக்கத்தை அரை மணி நேரமா வெச்சுக்கிட்டு இருக்குதாம். வீட்டம்மா சொல்றாங்க. பி.டி. சாரோ, ஸ்கேன்தான் நார்மலாச்சே, ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு அனுப்புங்கங்கிறார். யார் பேச்சைக் கேக்கறது?

ஓசூர் பிசியோ:

அண்ணா, உங்க வீட்டம்மா பேச்சைக் கேளுங்க.

ஸ்கேன் பாக்கறது ரத்தக் கசிவு, எலும்பு முறிவு மாதிரி பெரிய ஆபத்து இருக்கான்னு. கன்கஷன், அதாவது அடியில மூளை குலுங்கிப் போறது, அதுல தெரியாது. மயக்கம் போட்டாத்தான் கன்கஷன்ங்கிறதும் இல்ல. பக்கம் மாறிப் போய் நின்னுதே, அந்த நிமிஷமே வெளிய உக்கார வெச்சிருக்கணும். அன்னிக்கு அடுத்த ரெய்டே கூடாது.

ஸ்கேட் 6னு ஒரு சோதனை இருக்கு. 2022ல ஆம்ஸ்டர்டாம்ல நடந்த மாநாட்டுக்கு அப்புறம் புதுப்பிச்சது. 22 அறிகுறிக்கு 0லேர்ந்து 6 வரைக்கும் மார்க், பத்து வார்த்தையைச் சொல்லித் திருப்பிக் கேக்கறது, கண்ணை மூடி ஒத்தக்கால்ல 20 விநாடி நிக்கறதுன்னு போகும். அடிபட்ட முதல் மூணு நாள்ல நல்லாக் காட்டிக் கொடுக்கும். ஒரு வாரம் தாண்டினா அதை நம்ப முடியாது. யாராவது போன்ல டவுன்லோட் பண்ணி "பாஸ் ஆயிட்டா"ன்னு சொன்னா ஏத்துக்காதீங்க. இப்ப வேண்டியது டாக்டர் நிதானமா பாக்கற ஸ்கோட் 6. படுத்து எழுந்தா பிரஷர் மாறுதா, கழுத்துல வலி இருக்கா, கண்ணு பொருளைத் தொடர்ந்து போவுதா, கோட்டு மேல அடி வெச்சு நடந்துகிட்டே கணக்கு சொல்ல முடியுதா, தூக்கம் எப்படி, எல்லாம் அதுல வரும்.

ஆட்டத்துக்குத் திரும்பறது ஆறு படி. அன்றாட வேலை. அப்புறம் நடை, சைக்கிள். அப்புறம் தனியா ஓட்டம், கால் வேலை. நாலாவது, டீமோட பயிற்சி, ஆனா யாரும் யாரையும் புடிக்கக் கூடாது. அஞ்சாவது புடி ஆட்டம். ஆறாவதுதான் மேட்ச். ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது ஒரு நாள். முதல் மூணு படியில தலைவலி, பத்து மார்க் கணக்குல, முன்ன இருந்ததை விட ரெண்டு மார்க் வரைக்கும் ஏறி ஒரு மணி நேரத்துக்குள்ள அடங்கினா பரவாயில்ல. அதுக்கு மேல போனா அன்னிக்கு நிறுத்திட்டு மறுநாள் பாக்கணும். நாலாவது படிக்கு அறிகுறி சுத்தமா போயிருக்கணும், அஞ்சுக்கு முன்ன டாக்டர் எழுதிக் கொடுக்கணும். படிப்பு பழையபடி ஓடாம மேட்ச் கிடையாது. உங்க பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி பக்கமே ஓடல. ஞாயித்துக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கு, எப்படிக் கூட்டினாலும் கணக்கு வராது.

தலைவலி ஏறிக்கிட்டே போனா, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தா, தூக்கத்துலேர்ந்து எழுப்பவே கஷ்டமா இருந்தா, வலிப்பு வந்தா எதையும் யோசிக்காம உடனே ஆஸ்பத்திரி.

அரூர் பி.இ.டி. (ஓய்வு):

பிசியோ தம்பி சொன்னது சரி. அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். அந்தச் சோதனையில் மாதங்களைக் கடைசியிலிருந்து சொல்லச் சொல்வார்கள். ஒரு பையனிடம் பங்குனி, மாசி, தை என்று கேட்டேன், திணறினான். பயந்துபோய் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு நானே சொல்லிப் பார்த்தேன், கார்த்திகையில் நின்றுவிட்டேன்! டிசம்பர், நவம்பர் என்று கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பான். பிள்ளைக்குப் பழகிய மொழியில் கேட்க வேண்டும். நல்லா இருக்கும்போதே ஒருமுறை கேட்டு எழுதி வைத்தால் இன்னும் நல்லது. நான் சீசன் தொடக்கத்தில் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்.

நாலாவது படியில் அவளை ஆளில்லாத கோர்ட்டில் ரெய்டு போகவிட்டுப் பாருங்கள். முப்பது விநாடி மூச்சுப் பிடித்துப் பாட வேண்டும், திரும்ப வேண்டும், குனிந்து கையை நீட்ட வேண்டும். மைதானத்தைச் சுற்றி ஓடும்போது தெரியாத தலைச்சுற்றல் அங்கே தெரிந்துவிடும். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கு சார்" என்றுதான் வரும். "பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள்.

ஊத்தங்கரை ரெய்டர்:

அங்கிள், நான் காலேஜ்ல ஆடறப்ப தலையில அடிபட்டும் வலியை மறைச்சேன். காலைல மாத்திரை போட்டுட்டு, வலி இல்லன்னு கோச்கிட்ட சொல்லி இறங்கினேன். ரெண்டாவது அடி சும்மா தோள்பட்டைதான், தலையில படவே இல்ல. ஆனா உடம்பு குலுங்கினதுக்கே மூணு மாசம் பஸ்ல ஜன்னல் பக்கம் உக்கார முடியல, ரோடு ஓடறதப் பாத்தா குமட்டும். மாத்திரை டப்பாவை எண்ணிப் பாருங்க.

பாலக்கோடு லோடு வண்டி:

எண்ணிப் பாத்தேன் தம்பி. பத்து மாத்திரை அட்டையில ஆறு காலி.

பி.டி. சாருக்குப் போன் பண்ணி ஞாயித்துக்கிழமை வராதுன்னு சொல்லிட்டேன். கோவிச்சுக்கிட்டார். பொண்ணும் மத்தியானத்துலேர்ந்து பேசல. சாயங்காலம் ஏரிக்கரை வரைக்கும் நடக்க வெச்சேன். போறப்ப பத்துக்கு ரெண்டுன்னுச்சு, திரும்பி வர்றப்ப அஞ்சுன்னு சொல்லி அழுதுடுச்சு. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். ஒண்ணே ஒண்ணு: ஆடலன்னாலும் ஸ்கோர் எழுதறேன், டீமோட அனுப்புங்கங்குது. அனுப்பலாமா?

ஓசூர் பிசியோ:

ஏரிக்கரை வரைக்கும் நடந்ததுக்கே ரெண்டு அஞ்சாவுதுன்னா, நாளைக்குப் பத்து நிமிஷத்தோட நிறுத்துங்க அண்ணா. ஸ்கோர் விஷயத்தை டாக்டர்கிட்டயே கேளுங்க. அவர் சரின்னா நீங்களும் கூடப் போங்க, விசில் சத்தமும் மைக் செட்டும் தாங்கலன்னா பாதியில கூட்டிட்டு வந்துடலாம். அப்புறம், மாத்திரைக்காகத் திட்டாதீங்க. அடுத்த தடவ நம்பரை சரியா சொல்லாது.